கண்ணுக்கு இட்ட மை... கண்ணைப் பறிக்கும் மெத்தனால்! 'ஆல்கஹால்' என்ற பெயர் வந்த கதை

ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பஞ்சில் நனைத்துத் தடவுவது, கொரோனா காலத்தில் எல்லார் வீட்டு வாசலிலும் உட்கார்ந்திருந்த சானிடைசர், பெர்ஃப்யூம் பாட்டிலைத் திறந்ததும் குப்பென்று ஆவியாவது, பெட்ரோலில் கலக்கப்படுவது, டாஸ்மாக் கடையில் விற்பது... இத்தனைக்கும் பொதுவாக நாம் சொல்லும் பெயர் ஒன்றுதான். ஆல்கஹால்!

ஆனால், இந்தச் சொல் பிறந்தபோது அது எந்தத் திரவத்தையும் குறிக்கவில்லை. போதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அன்று அதன் பொருள், கண்ணுக்கு இடும் மை.

கண் மைக்கு வைத்த பெயர் சாராயத்துக்கு எப்படிப் போனது? அங்கிருந்து பல பொருள்கள் அடங்கிய ஒரு பெரிய குடும்பத்துக்கே எப்படிப் பொதுப்பெயர் ஆனது? இந்தக் கதையின் ஒரு கிளை கள்ளக்குறிச்சி கருணாபுரம் வரை வருகிறது. அதனால், கொஞ்சம் நிதானமாகவே படிக்கலாம்.

'அல்-குஹ்ல்' என்றால் என்ன?

அரபு மொழியில் 'குஹ்ல்' என்றால் கண் மை. அதன் முன்னால் வரும் 'அல்', ஆங்கிலத்தில் 'தி' போடுவதைப் போன்ற ஒரு முன்னொட்டு. அல்ஜீப்ரா, ஆல்கலி என்று நாம் பள்ளியில் படித்த சொற்களின் தொடக்கத்தில் இருப்பதும் இதே 'அல்'தான்.

நம் ஊர்ப் பாட்டிகள் விளக்குச் சுடரில் படியும் கரியை எடுத்து, விளக்கெண்ணெயோ நெய்யோ குழைத்துக் கண் மை செய்தார்கள். அரபு நாடுகளில் பெரும்பாலும் கல்லிலிருந்து மை வந்தது. ஆண்டிமனி என்ற தனிமமும் கந்தகமும் சேர்ந்த, கறுத்துப் பளபளக்கும் கனிமம் அது. தமிழில் அதற்கு 'அஞ்சனக்கல்' என்றே பெயர் உண்டு. இந்தக் கல்லை மாவுபோல மிக மிக நுண்ணிய தூளாக அரைத்தால் குஹ்ல். இஸ்லாமியக் குடும்பங்களில் இன்றும் பயன்படுத்தப்படும் 'சுர்மா'வும் இதே வகைதான்.

பழங்கால எகிப்தியர்களும் கண்ணுக்கு மை தீட்டினார்கள். அவர்கள் அதிகம் பயன்படுத்தியது ஈயமும் கந்தகமும் கலந்த இன்னொரு கறுப்புக் கனிமத்தை. ஈயம் உடலுக்குக் கேடு என்பதால், ஈயம் கலந்திருக்க வாய்ப்புள்ள மைகளைக் குழந்தைகளுக்கு இட வேண்டாம் என்று இன்றைய மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். அமெரிக்காவில் இவ்வகை மைக்கு அழகுசாதனப் பொருளாக அனுமதியே இல்லை.

பொடி எப்படித் திரவம் ஆனது?

இடைக்காலத்தில் அரபு மருத்துவ, ரசவாத நூல்கள் ஸ்பெயின் வழியாக லத்தீனுக்கு மொழிபெயர்க்கப்பட்டன. அந்த நூல்களோடு 'அல்-குஹ்ல்' என்ற சொல்லும் ஐரோப்பாவுக்குள் நுழைந்து 'ஆல்கஹால்' ஆனது. ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் 'ஆல்கஹால்' என்ற சொல்லுக்குக் கண் மை என்ற பழைய பொருளும் அகராதியில் இருக்கிறது. மை தீட்டுவதைக் குறிக்கும் வினைச்சொல்லும் அதிலிருந்தே வந்தது.

ஐரோப்பிய ரசவாதிகளை ஈர்த்தது மையின் அழகு அல்ல, அதன் நுண்மை. ஒரு பொருளை இதற்கு மேல் அரைக்க முடியாது என்ற அளவுக்குத் தூளாக்கினால், அதை அந்தப் பொருளின் 'ஆல்கஹால்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். இரும்பை நுண்பொடியாக்கினால் அது இரும்பின் ஆல்கஹால்! 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சொல் வந்தபோதும் அதன் பொருள் நுண்பொடிதான்.

அடுத்த தாவல்தான் முக்கியமானது. கசடெல்லாம் நீக்கி நுண்பொடி எடுப்பதைப் போலவே, ஒரு திரவத்தைக் காய்ச்சி வடித்து அதன் சாரத்தை மட்டும் பிரித்தெடுக்கிறோம் அல்லவா? அதையும் ஏன் 'ஆல்கஹால்' என்று சொல்லக்கூடாது? சுவிட்சர்லாந்தில் பிறந்த மருத்துவரும் ரசவாதியுமான பாராசெல்சஸ் (1493-1541), திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்த சாரத்துக்கு 'மதுவின் ஆல்கஹால்' என்று பொருள்படும் லத்தீன் பெயரைப் பயன்படுத்தினார்.

காலப்போக்கில் பெயரிலிருந்து 'மதுவின்' என்ற பகுதி உதிர்ந்தது. 18-ம் நூற்றாண்டில் வெறும் 'ஆல்கஹால்' என்றாலே மதுவின் சாரம் என்ற பொருள் நிலைத்துவிட்டது. மை மறந்துபோனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காய்ச்சி வடிக்கும் கலையை வளர்த்ததில் அரபு அறிஞர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 9-ம் நூற்றாண்டிலேயே மதுவைக் காய்ச்சி வடிப்பதைப் பற்றி அல்-கிண்டி எழுதியிருக்கிறார். ஆனால், வடித்த சாரத்தை அவர்கள் 'குஹ்ல்' என்று அழைக்கவில்லை. அந்தப் பெயரை அதற்குச் சூட்டியது ஐரோப்பா. பின்னாளில் அதே சொல்லை 'குஹூல்' என்று சற்றே மாற்றி, அரபு மொழி திரும்பக் கடன் வாங்கிக்கொண்டது. தன் வீட்டுப் பொருளையே வெளியூரிலிருந்து விலைக்கு வாங்கியதைப் போல!

'பேய்' கதை உண்மையா?

'ஆல்கஹால் என்ற சொல், உடலைத் தின்னும் பேய் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் அதற்கு ஸ்பிரிட் என்று பெயர்' என்றொரு தகவல் சமூக வலைதளங்களில் அடிக்கடி சுற்றும். கேட்கச் சுவாரஸ்யமாக இருந்தாலும், நூல்களில் பதிவாகியிருக்கும் பொருள் மாற்றம் கண் மை, நுண்பொடி, சாரம் என்ற வரிசையில்தான் இருக்கிறது. பேய்க்கு அதில் இடமில்லை.

'ஸ்பிரிட்' என்ற பெயருக்கும் ஆவி பிடித்தலுக்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் அந்தச் சொல்லின் வேர் 'மூச்சு'. காய்ச்சும்போது ஆவியாக எழுந்து, குளிர்ந்து சொட்டும் பகுதியைப் பொருளின் மூச்சு, உயிர் என்று அக்கால மக்கள் நினைத்தார்கள். அதை மருந்தாகவும் கொண்டாடி, 'உயிர் நீர்' என்று லத்தீனில் பெயர் வைத்தார்கள். 'விஸ்கி' என்ற சொல்லின் மூலப் பொருளும் 'உயிர் நீர்'தான். 'அரக்' என்ற சாராயத்தின் பெயரோ 'வியர்வை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வடிகலத்தில் முத்து முத்தாக அரும்பும் துளிகளைப் பார்த்தால் காரணம் புரியும்.

தமிழிலும் இதற்குப் பெயர் பஞ்சமில்லை. சாராயம், எரிசாராயம் என்று நாம் சொல்வதை, இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் 'மதுசாரம்' என்று எழுதுகின்றன. மதுவின் சாரம்! பாராசெல்சஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான்.

ஒரு பொருளின் பெயர், குடும்பப் பெயர் ஆனது

19-ம் நூற்றாண்டில் வேதியியல் வேகமாக வளர்ந்தது. 1834-ல் ழான்-பாப்டிஸ்ட் டுமா, யூஜின் பெலிகோ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள், மரத்திலிருந்து கிடைக்கும் ஒரு திரவத்தை ஆராய்ந்தார்கள். மரத்துண்டுகளைக் காற்றுப் புகாமல் சூடாக்கினால் கரி மிஞ்சும். புகையைக் குளிர்வித்தால் ஒரு நாற்றமடிக்கும் திரவம் கிடைக்கும். 1661-லேயே ராபர்ட் பாயில் இதைப் பிரித்தெடுத்திருந்தார்.

டுமாவும் பெலிகோவும் கண்டது, இந்த மரத் திரவமும் மதுவின் ஆல்கஹாலும் ஒரே மாதிரியான அமைப்பு கொண்டவை என்பதை. ஆக, ஆல்கஹால் என்பது இனி ஒரு பொருள் அல்ல, ஒரு குடும்பம்!

இன்றைய பாஷையில் சொன்னால், ஒரு ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் கைகோத்துக்கொண்டு கார்பனில் தொங்கும் ஜோடிதான் இந்தக் குடும்பத்தின் அடையாளம். மதுவில் இருக்கும் எத்தனாலில் கார்பன் அணுக்கள் இரண்டு. மரத்திலிருந்து வந்த மெத்தனாலில் ஒன்றே ஒன்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

1892-ல் ஜெனீவாவில் கூடிய வேதியியலாளர்கள், இந்தக் குடும்பத்துப் பெயர்களை 'ஆல்' என்ற வாலோடு முடிக்கலாம் என்று முறைப்படுத்தினார்கள். இன்று எத்தனால், மெத்தனால், மென்தால், கிளிசரால், ஏன், கொலஸ்ட்ரால்கூட இந்த வாலைச் சுமக்கிறது. எல்லாமே வேதியியல்படி ஆல்கஹால்கள். பெட்ரோல் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அதன் வால், எண்ணெயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

'ஆல்கஹால் ஃப்ரீ' என்று அட்டையில் எழுதியிருக்கும் முகக் கிரீமின் பின்பக்கத்தில் 'சீட்டைல் ஆல்கஹால்' என்று பார்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் உண்டு. அது மெழுகு போன்ற ஒரு கொழுப்பு ஆல்கஹால். போதையும் தராது, சருமத்தை உலர்த்தவும் செய்யாது. திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகில் முதலில் கிடைத்ததால், திமிங்கலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து அதற்குப் பெயர் வந்தது.

ஒரே குடும்பப் பெயர். உறுப்பினர்களின் குணமோ வெவ்வேறு. கிரீம் விஷயத்தில் இது வெறும் குழப்பம். மெத்தனால் விஷயத்தில் இது உயிர்ப் பிரச்னை.

பெயரிலேயே மது!

மரத் திரவத்துக்கு டுமாவும் பெலிகோவும் கிரேக்கச் சொற்களைக் கோத்துப் பெயர் அமைத்தார்கள். 'மெத்தி' என்றால் மது. 'ஹைலே' என்றால் மரம். இரண்டும் சேர்ந்து, 'மரத்தின் மது' என்ற பொருளில் 'மெத்திலீன்' என்ற சொல் பிறந்தது. அதிலிருந்து மெத்தில், மெத்தனால் எல்லாம் வந்தன.

கிரேக்கத்தின் 'மெத்தி'யும் சமஸ்கிருதத்தின் 'மது'வும் ஒரே வேரிலிருந்து கிளைத்த உறவுச் சொற்கள். அந்த 'மது'தான் தமிழிலும் புழங்குகிறது. செவ்வந்திக்கல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'அமெதிஸ்ட்' என்ற பெயரும் இதே கிரேக்க வேர்தான். 'போதை ஏறாதது' என்று பொருள். அந்தக் கல்லை அணிந்தால் போதை ஏறாது என்று பழங்கால கிரேக்கர்கள் நம்பினார்கள்.

ஆக, 'மெத்தனால்' என்று சொல்லும்போது நம்மை அறியாமலே 'மது' என்றும் சொல்கிறோம். குடிக்கவே கூடாத ஒரு விஷத்தின் பெயருக்குள் மது ஒளிந்திருக்கிறது. மரமும் இப்போது பெயரில் மட்டும்தான். 1923-ல் ஜெர்மனியில் மெத்தனாலைத் தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று அது பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. பிளைவுட் பசை, பெயின்ட், பிளாஸ்டிக் என்று பல தொழில்களுக்கு அது தேவைப்படுகிறது.

நாற்றம் போனது, ஆபத்து வந்தது

மரத்திலிருந்து வடித்த பழைய மெத்தனாலுக்கு ஒரு காவல் இருந்தது. அதன் நாற்றம்! யாரும் வாயில் வைக்க மாட்டார்கள். அதனாலேயே பிரிட்டனில் 1855 முதல், தொழிற்சாலை உபயோகத்துக்கான எத்தனாலில் மெத்தனாலைக் கலந்து, வரி இல்லாமல் விற்க அனுமதித்தார்கள். குடிக்க முடியாதபடி கெடுத்துவிட்டால் வரி ஏய்ப்பு நடக்காது என்பது கணக்கு. 'மெத்திலேட்டட் ஸ்பிரிட்' என்ற பெயர் அப்படி வந்தது.

19-ம் நூற்றாண்டின் இறுதியில் மெத்தனாலைச் சுத்தமாக வடிக்கும் நுட்பம் வந்தது. நாற்றம் போய்விட்டது. பார்க்கவும் முகரவும் அசல் எத்தனாலைப் போலவே இருந்தது. அமெரிக்காவில் 'மர ஆல்கஹால்' என்றும், 'கொலம்பியன் ஸ்பிரிட்ஸ்' போன்ற கவர்ச்சியான பெயர்களிலும் அது விற்பனைக்கு வந்தது. ஆல்கஹால், ஸ்பிரிட் என்ற சொற்களைப் பார்த்தவர்கள் அதையும் குடித்தார்கள். பார்வையை இழந்தார்கள், செத்தும்போனார்கள். ஃபிராங்க் புல்லர், கேசி உட் என்ற இரண்டு கண் மருத்துவர்கள் இந்தச் சம்பவங்களைத் திரட்டி, 1904-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டு எச்சரித்தார்கள்.

நூறு ஆண்டுகள் கழித்தும் அதே தவறு தொடர்ந்தது. 2020-ல் கொரோனா பரவியபோது, ஆல்கஹால் கிருமியைக் கொல்லும் என்ற செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு, ஈரானில் பலர் கள்ளச்சாராயம் குடித்தார்கள். அதில் இருந்தது மெத்தனால். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே ஆண்டில், மெத்தனால் கலந்த சானிடைசர்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்க வேண்டிவந்தது.

தமிழ்நாட்டில் 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் பகுதியில் 60-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பலர் தினக்கூலித் தொழிலாளர்கள். இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். இரண்டு முறையும் காரணம் மெத்தனால்தான்.

கண்ணில் ஏன் கை வைக்கிறது?

நம் கல்லீரலுக்குப் பெயரெல்லாம் தெரியாது. எத்தனால் வந்தாலும் மெத்தனால் வந்தாலும், ஒரே நொதியை வைத்துத்தான் அதை உடைக்கப் பார்க்கும். எத்தனால் உடைந்தால் கடைசியில் கிடைப்பது அசிட்டிக் அமிலம். வினிகரில் இருப்பது அதுதான். உடலால் அதைச் சமாளிக்க முடியும்.

மெத்தனால் உடைந்தால் முதலில் ஃபார்மால்டிஹைடு வரும். கல்லூரி ஆய்வகத்தில் தவளையையும் பாம்பையும் கெடாமல் போட்டுவைத்திருக்கும் ஃபார்மலின், இதைத் தண்ணீரில் கரைத்ததுதான். அடுத்து அது ஃபார்மிக் அமிலம் ஆகும். இந்தப் பெயரின் வேர், எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல். எறும்புகளிலிருந்து கிடைக்கும் இந்த அமிலத்தைப் பற்றி ஆங்கிலேய இயற்கை அறிஞர் ஜான் ரே 1671-ல் பதிவு செய்தார். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அந்த அமிலம் ரத்தத்தில் சேர்ந்தால் என்ன ஆகும்?

உடலின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வேலையை ஃபார்மிக் அமிலம் முடக்குகிறது. மூச்சு விட்டும் பயனில்லை. அதிக ஆற்றல் தேவைப்படும் இடங்கள் முதலில் பாதிக்கப்படும். அதில் முன்வரிசையில் இருப்பது கண் நரம்பு. பனிமூட்டத்துக்குள் நிற்பதைப் போல எல்லாம் வெள்ளையாக மங்குகிறது என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வார்கள். சுமார் 10 மில்லிலிட்டர் மெத்தனால்கூட நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கக்கூடும் என்கின்றன மருத்துவ நூல்கள். இரண்டு டீஸ்பூன் அளவு!

கண்ணை அழகாக்கும் மையின் பெயரைச் சுமக்கும் குடும்பத்தில் ஒன்று, கண்ணையே குறிவைக்கிறது என்பது இந்தப் பெயர்க் கதையின் கொடுமையான திருப்பம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

* நிறம், மணம், சுவையை வைத்து மெத்தனாலையும் எத்தனாலையும் வீட்டில் பிரித்தறிய முடியாது. 'கொஞ்சம் ருசி பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது உத்தரவாதம் அல்ல.

* பாதிப்பு உடனே தெரியாது. மெத்தனால் உடைந்து அமிலமாக மாறுவதற்கு நேரமாகும் என்பதால், பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தீவிர அறிகுறிகள் தொடங்கும். கூடவே சாதாரண மதுவும் குடித்திருந்தால் இன்னும் தாமதமாகலாம்.

* தலைவலி, வாந்தி, கடும் வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், பார்வை மங்கல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். 'குடிச்சதுல வந்த தலைவலிதான், தூங்கினா சரியாயிடும்' என்று விட்டுவிடுவதுதான் பல உயிர்களைப் பறிக்கிறது. ஒரே இடத்தில் வாங்கிக் குடித்தவர்களில் ஒருவருக்கு அறிகுறி தெரிந்தாலும், மற்றவர்களையும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

* மருத்துவமனையில் இதற்குச் சிகிச்சை உண்டு. மெத்தனாலை உடைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து, ரத்தத்தில் கூடிய அமிலத்தைச் சரிசெய்யும் மருந்து, டயாலிசிஸ் என்று கொடுப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ, உயிரும் பார்வையும் தப்ப அவ்வளவு வாய்ப்பு. நொதியைத் தடுக்க மருத்துவர்கள் சில நேரம் அளந்து எத்தனாலும் கொடுப்பார்கள். அதைக் கேள்விப்பட்டு வீட்டில் மது கொடுத்து முயற்சி செய்வது பேராபத்து.

* என்ன குடித்தார், எங்கே வாங்கினார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். போலீஸ் பயத்தில் மறைத்தால் சிகிச்சை தாமதமாகும்.

* சானிடைசர், தின்னர், ஸ்பிரிட் போன்றவற்றைத் தண்ணீர் பாட்டில், கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், பெயர் ஒட்டிய அதன் சொந்த பாட்டிலிலேயே வையுங்கள்.

* சானிடைசர் வாங்கும்போது பின்பக்க லேபிளைப் பாருங்கள். எத்தனால் அல்லது எத்தில் ஆல்கஹால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்று இருந்தால் கைக்குப் பயன்படுத்தலாம். மெத்தனால், மெத்தில் ஆல்கஹால் என்று இருந்தால் கைக்கும் வேண்டாம். எதுவானாலும் சானிடைசர் குடிப்பதற்கானது அல்ல.

கண் மை, நுண்பொடி, மதுவின் சாரம் என்று பல நூற்றாண்டுகள் ஊர் சுற்றிய பெயர் 'ஆல்கஹால்'. அந்தப் பெயர், பாட்டிலுக்குள் இருப்பது எந்தக் குடும்பம் என்பதை மட்டும்தான் சொல்லும். அது நம்மை என்ன செய்யும் என்பதைச் சொல்வது அதற்கு முன்னால் இருக்கும் சின்னச் சொல். அடுத்த முறை ஒரு பாட்டிலைக் கையில் எடுக்கும்போது, அது 'எத்'தா, 'மெத்'தா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.